தம் கட்டுங்கண்ணா

விலா எலும்புகளை நான் ரயிலில்தான் படித்தேன். வண்டலூரில் ஏறியதும் துப்பட்டாவுக்குள் விரல்விட்டு எண்ணத் தொடங்குவேன். கழுத்துக்குழிக்குச் சற்றுக் கீழே நெஞ்செலும்பில் ஒரு சிறு மேடு தட்டுப்படும்; அதன் பக்கத்தில் இருப்பது இரண்டாவது விலா. மொத்தம் பன்னிரண்டு ஜோடி. முதல் ஏழும் நெஞ்செலும்பில் நேராகச் சேரும். அடுத்த மூன்றும் தத்தமக்கு மேலுள்ளதன் குருத்தெலும்பைப் பற்றிக்கொள்ளும். கடைசி இரண்டுக்கு முன்பக்கம் பிடிப்பே கிடையாது. பெருங்களத்தூர் தாண்டும்போது எட்டில் இருப்பேன். பதினொன்றைத் தேடுவதற்குள் தாம்பரம் வந்துவிடும்.

தாம்பரத்தில் ஒரு சிறிய மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் எனக்குப் பயிற்சி. நெஞ்சுப் படத்துக்கு நோயாளி மூச்சை நன்றாக இழுத்து நிறுத்த வேண்டும். அப்போதுதான் நுரையீரல் விரிந்து, உதரவிதானத்துக்கு மேலே பத்து விலாவாவது தெரியும். அந்த வாரம் இரண்டு பேருக்கு என்னால் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. இன்னொரு படம் வீணானால் பதிவேடு எழுத அனுப்பிவிடுவேன் என்று சீனியர் அக்கா சொல்லியிருந்தார்.

மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவர் விலாவை அழுத்திக்கொண்டு வந்தார். பலகைமேல் மோவாயை வைத்து, தோள்களை முன்னால் தள்ளி நிறுத்தினேன்.

"மூச்சு புடிங்கண்ணா."

அவர் திரும்பிப் பார்த்தார். "மூச்சு புடிச்சிக்கினுதாம்மா வந்துகீறேன். இன்னும் புடிக்க சொல்றியே."

அவருக்கு அது நோயின் பெயர். எங்கள் வீட்டிலும் அதே பெயர்தான். அப்பாவுக்கு வந்தால் தைலம் தேய்ப்போம். அது எப்படி எனக்குத் தோன்றாமல் போனதோ. உள்ளே இழுக்கச் சொன்னேன். வயிற்றை இழுத்தார். கண்ணாடிக்கு அப்பால் அக்கா எழுந்து நின்றார்.

"மூட்டை தூக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?"

"தம் கட்டுவேன்."

"அதையே பண்ணுங்கண்ணா. தூக்க மட்டும் வேணாம்."

முகம் சுளித்தாலும் அவர் மூச்சை விடவில்லை. நெஞ்சு பலகையில் அழுந்தி விரிந்தது. பொத்தானை அழுத்தினேன்.

அக்கா படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பேனா முனையால் ஒவ்வொன்றாக இறங்கினார். நானும் தூரத்திலிருந்து எண்ணினேன். பத்தில் பேனா நின்றது.

"அடுத்த ஆளைக் கூப்பிடு" என்றார்.

இப்போது கோவிலம்பாக்கம் பக்கம் வேலை. படம் உடனே திரையில் வந்துவிடுகிறது. போக வர ஸ்கூட்டர் என்பதால் எண்ணுவதற்குக் கை ஒழிவதில்லை. நோயாளிகளிடம் சொல்ல வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். 'மூச்சு புடிங்க' அதில் இல்லை.