அரை மில்லிமீட்டர் கோடு

புது வரைபடம் கைக்கு வந்தால் சோலையப்பன் முதலில் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வான். தையல் நூலை எச்சில் தொட்டு நனைத்து, சாலைக் கோட்டின்மேல் வளைவுக்கு வளைவு படியவிடுவான். ஊர் வந்ததும் நூலை வலது கட்டைவிரல் நகத்தால் கிள்ளிப் பிடித்து, கீழே இருக்கும் அளவுகோலில் நீட்டிப் பார்த்து, இத்தனை கிலோமீட்டர் என்பான்.

கந்தர்வக்கோட்டையில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். பீரோவில் மனைவி செவந்தியின் சேலைகளுக்கு ஒரு தட்டு என்றால் நெடுஞ்சாலை வரைபடங்களுக்கு இரண்டு தட்டு. "மத்த வீட்டு ஆம்பளைங்க சீட்டாடுவாங்க, எங்க வீட்டுல நூல் விடுவாரு" என்பாள் அவள்.

ரெங்கசாமியும் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த தம்பி குணசேகரனும் முந்திரிக் கொல்லையைப் பாகம் பிரிக்க இருந்த வாரத்தில் திருத்திய வரைபடம் வந்தது. கொல்லையருகே குளத்தைச் சுற்றிப் போகும் பழைய மஞ்சள் கோட்டைக் காணோம். நேராக ஒரு சிவப்புக் கோடு, மாநில நெடுஞ்சாலை. சேதி கேட்டுக் குணசேகரன் ஓடி வந்தான்.

"சோலையண்ணே, புது ரோடு நம்ம கொல்லையில எங்கிட்டுப் போகுது?"

கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர். தரையில் அது கால் கிலோமீட்டர். கொல்லை மொத்தமும் அதற்குள் அடங்கிப்போகும். சோலையப்பனுக்கு இது நன்றாகவே தெரியும். ஆனால் சிங்கப்பூர்க்காரன் ஒருத்தன் அண்ணே என்று கேட்டு நிற்கும்போது, தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. நூலை வைத்துப் பார்த்துவிட்டு, "கெழக்கால" என்றான்.

ரோட்டோர நிலம் விலை ஏறும் என்று குணசேகரன் கிழக்குப் பாகத்தை அடம்பிடித்து வாங்கினான். பத்திரம் முடிந்த ஒன்பதாம் நாள் காலை, குளத்து வளைவில் ஆட்டோவை மறித்தார் ரெங்கசாமி. கையில் கடப்பாரை. முதல் அடியில் முன்கண்ணாடி நொறுங்கி மடியில் கொட்டியது. அடுத்தது தோளில் இறங்கியது.

"அவங்கிட்ட மட்டும் சொன்னியாமுல்ல? என்னடா குடுத்தான், சென்ட் பாட்டிலா?"

சட்டையைப் பிடித்து இழுத்து ரோட்டில் போட்டார். அதற்குள், அண்ணன் கடப்பாரையோடு போன சேதி கேட்டுப் பைக்கில் வந்த குணசேகரன், வண்டியைப் போட்டதுபோட்டபடி விட்டுவிட்டு அரிவாளோடு பாய்ந்தான். அண்ணனின் காது கிழிந்து தொங்கியது. அவர் தம்பியைக் கீழே தள்ளி, நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, கல்லெடுத்து வாயில் குத்தினார். பல் தெறித்தது. மறுபடி கல் ஓங்கியது. இந்தத் தடவை நெற்றிக்கு.

ஓட நினைத்தால் ஓடியிருக்கலாம். சோலையப்பன் வண்டியிலிருந்த வரைபடத்தை எடுத்துத் தார்மேல் விரித்தான்.

"நிறுத்துங்க! எனக்குத் தெரியாதுங்க. ஒங்க கொல்லை பூராவும் இந்தக் கோட்டுக்குள்ளதான் கெடக்கு. கெழக்கா மேக்கான்னு யாராலயும் சொல்ல முடியாது."

கல் அந்தரத்தில் நின்றது. குணசேகரன் ரத்தத்தைத் துப்பினான்.

"பெறகு எதுக்குடா கெழக்காலன்னு சொன்ன?"

"கேட்டீங்களேன்னு..."

அண்ணனும் தம்பியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ரெங்கசாமி எழுந்து வந்து சோலையப்பனின் மணிக்கட்டை வரைபடத்தின்மேல் முழங்காலால் அழுத்தினார்.

"எந்த வெரலை வச்சுடா காட்டுன?"

கட்டைவிரல் நகத்தில் நூல் அறுத்த தடம் இருந்தது. குணசேகரனின் அரிவாள் அதன்மேல் இரண்டு முறை இறங்கியது.

காதில் துண்டைக் கட்டிக்கொண்டு தம்பியின் பைக்கிலேயே அண்ணன் ஏறிப் போனார்.

கட்டுப் பிரித்தபின் சோலையப்பன் நெடுஞ்சாலை அலுவலகத்துக்குப் போய்க் கேட்டான். அங்கேதான் தெரிந்தது. புது ரோடு என்று ஒன்று கிடையவே கிடையாது. குளத்தைச் சுற்றிப் போகும் பழைய ரோட்டைத்தான் மாநில நெடுஞ்சாலையாகத் தரம் உயர்த்தியிருக்கிறார்கள். அவ்வளவு சின்ன வரைபடத்தில் தடித்த சிவப்புக் கோடாகப் போடும்போது அந்த மாதிரி வளைவுகளை நேராக்கித்தான் போடுவார்களாம்.