சீல் விழுந்த கணக்குப் புத்தகங்கள்

அன்று அந்தக் கல்லூரி நூலகத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். கணிதத் துறைத் தலைவர், நூலகர், முனைவர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கணித விரிவுரையாளர் அம்மா, நூலக அட்டெண்டர், நான். இவர்களில் இரண்டு பேர் பிற்பாடு, அன்றைக்குத் தாங்கள் அந்தப் பக்கமே வரவில்லை என்று சொன்னார்கள். அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, ஐந்து பேரும் இருந்தோம்.

தொண்ணூறுகளின் நடுவில், பீளமேட்டுப் பக்கத்துக் கல்லூரிகளுக்கு வெளிநாட்டுக் கணிதப் புத்தகங்கள் கொண்டுபோய்க் கொடுப்பது என் பிழைப்பு. மெட்ராஸில் இருந்த இறக்குமதிக் கம்பெனி, புதிதாக வந்தவற்றை லாரியில் போட்டுவிடும். காந்திபுரத்தில் பார்சலை எடுத்து, டவுன் பஸ்ஸில் கண்டக்டரிடம் லக்கேஜுக்குக் கெஞ்சி, மடியில் பாதியும் காலடியில் பாதியுமாகக் கொண்டுபோவேன். எம்.எஸ்சி. பிள்ளைகளும் ஆராய்ச்சி செய்கிறவர்களும் மட்டும் தொடுகிற புத்தகங்கள். நான் எட்டாவதோடு நின்றவன். அப்பா வேலை பார்த்த மில்லைப் பூட்டிய வருடம் அவர் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தி ஒரு அச்சாபீஸில் விட்டார். கணக்கில் எண்களுக்குப் பதில் எழுத்துகள் வர ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே நான் வெளியே வந்துவிட்டேன். டோப்பாலஜி, மெஷர் தியரி என்றெல்லாம் வாயில் சரளமாக வரும். மருந்துக் கடையில் நிற்கிறவருக்கு மாத்திரைப் பெயர்கள் வருவது மாதிரிதான். புத்தகங்களை அட்டையின் நிறத்தாலும் கனத்தாலும் அடையாளம் வைத்திருப்பேன்.

பயம் எனக்குக் கூடப் பிறந்தது. மழை வந்தால் அட்டை நனையும், பஸ் குலுங்கினால் முனை மடங்கும், டாலர் ஏறினால் பில்லுக்கும் விலைப்பட்டியலுக்கும் ஒத்துவராது. இரவில் படுத்தால் இதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலே சீல் பயம்.

அதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கல்லூரிக்குப் புத்தகங்களை முதலில் பார்வைக்குத்தான் கொடுப்போம். ஆசிரியர்கள் புரட்டிப் பார்த்து, வேண்டியதில் துண்டுச் சீட்டு வைத்துக் கையெழுத்துப் போடுவார்கள். சீட்டு வைத்தவற்றுக்கு ஆர்டர் வரும், அப்புறம்தான் நூலகச் சீல் அடிப்பார்கள். சீட்டு இல்லாதவை ஒரு மாதத்துக்குள் மெட்ராஸுக்குத் திரும்பிவிட வேண்டும். சீல் விழாத வரை புத்தகம் மெட்ராஸ்காரருடையது. சீல் விழுந்துவிட்டால் அவர் தொடமாட்டார். நடுவிலிருக்கும் நாட்களில் அது என் தலையில்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் கொண்டுபோனது பெரிய பார்சல். மார்ச் முடிவதற்குள் நூலக நிதியைச் செலவழித்தாக வேண்டும் என்று எல்லாக் கல்லூரிகளும் அவசரப்படுகிற சமயம். துறை அறை முழுக்கப் பரீட்சைத் தாள் கட்டுகள் கிடந்ததால், புத்தகங்களை நூலகத்தில் ஒரு பெஞ்சின் மேல் பரப்பினோம். துறைத் தலைவர் நின்றபடியே புரட்டி நான்கில் சீட்டு வைத்தார்.

"மிச்சத்துக்குக் காசில்லைப்பா. திங்கக்கெழமை வந்து எடுத்துக்க."

விரிவுரையாளர் அம்மா மஞ்சள் அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். "சார், இத மட்டுமாவது..."

"அடுத்த வருசம் பாக்கலாம்மா."

அவர் புத்தகத்தைப் பெஞ்சில் வைத்தார். கையை மட்டும் உடனே எடுக்கவில்லை. என்னிடம் மெதுவாக, "இதுல ஒரு அத்தியாயத்துக்காக நான் பெங்களூர் வரைக்கும் போயிட்டு வந்தேனுங்க. அங்கயும் இல்ல," என்றார். நான் தலையாட்டினேன். என்ன அத்தியாயம் என்று கேட்டால் மட்டும் எனக்கு என்ன புரியப்போகிறது.

சனியும் ஞாயிறும் நான் எதற்கெல்லாமோ பயந்தேன். நூலக ஜன்னல் வழியாகச் சாரல் அடிக்குமோ, எலி இருக்குமோ, யாராவது ஒன்றைத் தூக்கிப் போய்விடுவார்களோ என்று. சீல் பயம் மட்டும் அந்த இரண்டு நாளில் வரவில்லை. வெள்ளிக்கிழமை நூலகர் காதில் விழும்படிதான் எல்லாம் பேசியிருந்தோம்.

திங்கட்கிழமை போனபோது பெஞ்சில் புத்தகங்கள் இல்லை. அட்டெண்டர் சிரித்துக்கொண்டே வந்தார். ஓய்வு பெற ஒரு வருடமே இருந்த மனிதர். என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்.

"எல்லாம் அலமாரில அடுக்கிப்போட்டேன் கண்ணு. சனிக்கெழமை லீவுன்னாலும் வந்து சீலெல்லாம் போட்டு முடிச்சுப்போட்டேன்."

"எதுக்குங்ணா சீலு?"

"பொஸ்தகத்துக்குத்தான். ஒண்ணு உடல."

அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் ஊதா வட்டம். கோணாமல், மை சிந்தாமல், அத்தனை அழகாக விழுந்திருந்தது. சீட்டு வைத்த நான்கிலும் இருந்தது, வைக்காத அத்தனையிலும் இருந்தது. அவை மொத்தத்தின் விலை, நான் அரை வருடம் அலைந்தாலும் கைக்கு வராத தொகை.

நூலகர் வந்தார். சத்தம் கேட்டுத் துறைத் தலைவரும், அவர் பின்னாலேயே விரிவுரையாளர் அம்மாவும் வந்தார்கள். அட்டெண்டருக்கு அப்போதுதான் விஷயம் புரிய ஆரம்பித்தது.

"இன்னைக்கு ஸ்டாக் பாக்க வர்றாங்கன்னு சொன்னீங்களேங்க," என்றார் நூலகரைப் பார்த்து. "போன வருசம் சீல் இல்லாத ஒரே ஒரு பொஸ்தகம் உள்ள கெடந்துச்சுன்னு எனக்கு மெமோ குடுத்தாங்க. அதான் கண்ணுல பட்டதுக்கெல்லாம் போட்டனுங்க."

மெமோவுக்குப் பயந்த மனிதரை என்ன சொல்வது. எனக்கும் அவருக்கும் அந்த ஒரு குணம் பொதுவாக இருந்தது.

முதல் பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துவிடலாமா என்று கேட்டேன். அட்டெண்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ரகசியப் பக்கத்துலயும் போட்டாச்சுங்க."

ஒவ்வொரு நூலகத்துக்கும் அப்படி ஒரு பக்கம் உண்டு. முதல் தாளைக் கிழித்துவிட்டாலும் புத்தகம் யாருடையது என்று தெரிவதற்காக, எல்லாப் புத்தகங்களிலும் உள்ளே ஒரே பக்கத்தில் சீல் வைப்பார்கள். எந்தப் பக்கம் என்று வெளியாளிடம் சொல்லமாட்டார்கள். மஞ்சள் அட்டைப் புத்தகத்தைப் புரட்டினேன். எனக்கு ஒரு எழுத்தும் விளங்காத ஒரு பக்கத்தின் நடுவில், அந்த ஊதா வட்டம் மட்டும் நன்றாக விளங்கியது.

விரிவுரையாளர் அம்மாவின் முகத்தில் ஒரு கணம் சிரிப்பு வந்து, என்னைப் பார்த்ததும் போய்விட்டது. அதற்காக நான் அவரிடம் கோபப்படவில்லை.

"நீங்க பிரின்சிபாலுக்கு எழுதிக் குடுங்க," என்றார் நூலகர். "தப்பு யாருதுன்னு விசாரிச்சு, அவங்க சம்பளத்துல புடிச்சுக் குடுத்துருவாங்க."

அட்டெண்டர், "எம்பட சம்பளத்துலயேவா?" என்று கேட்டார். "புடிச்சா அப்பறம் வருசம் பூரா எனக்குச் சம்பளமே இருக்காதுங்களே," என்று சொல்லிவிட்டுச் சீல் டப்பாவின் மூடியை மூடினார்.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். எழுதிக் கொடுத்தவனை மறுபடி எந்தக் கல்லூரி உள்ளே விடும் என்ற பயமும் பாதி இருந்தது. மீதிப் பாதி, அவர் டப்பாவை மூடிய விதம்.

"ஏப்ரல் தாண்டட்டும்ப்பா. புது நிதி வந்தவொடனே எல்லாத்தயும் முடிச்சரலாம்," என்றார் துறைத் தலைவர்.

"ஒரு வரி எழுத்துல குடுத்தீங்கன்னா நல்லாருக்குங்க சார்."

"எம் பேச்சு மேல நம்பிக்கை இல்லையா?"

இருக்குங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மெட்ராஸ்காரர் ஏப்ரல் வரை பொறுக்கவில்லை. என் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து அவருக்குக் கட்டினேன். சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கும்போது, "ஏனுங்க, ஊருக்கெல்லாம் கணக்குப் பொஸ்தகம் கொண்டுபோய்க் குடுக்கறீங்க. உங்களுக்கு ஒரு கணக்கும் நேராகமாட்டீங்குதே," என்றாள்.

ஏப்ரல் தாண்டியது. மே மாதம் விடுமுறை. ஜூனில் அட்மிஷன் வேலை. ஜூலையில் போனபோது நூலகர் என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக, "வாங்க வாங்க, உங்க பொஸ்தகந்தானுங்க இங்க நல்லா ஓடுது," என்றார். உண்மைதான். மூலை மேசையில் இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் மஞ்சள் அட்டையைத் திறந்து வைத்துத் தாளில் எதையோ எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தார்கள். அட்டை முனை அதற்குள் நைந்திருந்தது. ஒரு முனை மடங்கினாலே தூக்கம் போகிறவன் நான். அன்று அதை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பில்லுங்க?"

"ஆர்டர் இல்லாம பில் எப்பிடிங்க பாஸாகும்?"

அடுத்த மார்ச்சில் விரிவுரையாளர் அம்மா துறைத் தலைவரோடு வாதாடி, புதிய நிதியில் அந்தப் புத்தகங்களில் ஐந்துக்கு ஆர்டர் வாங்கிக் கொடுத்தார். முதல் சீட்டே மஞ்சள் அட்டைக்குத்தான். வந்த பணத்தில் சங்கிலியை மீட்டேன். மீதியை அதற்கடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் அந்த அம்மா. அதற்குள் அவருக்கு முனைவர் பட்டம் வந்து, ஈரோட்டுப் பக்கம் வேறு கல்லூரியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகும்போது, "மீதிய நானிருந்து முடிச்சுக் குடுக்க முடியாமப் போச்சுங்க," என்று இரண்டு தடவை சொன்னார்.

பிறகு துறைக்குப் புதிய தலைவர் வந்தார். ஆர்டர் எங்கே என்று கேட்டார். பழைய தலைவரை வீட்டில் போய்ப் பார்த்தேன். அன்றைக்குத் தான் யுனிவர்சிட்டி மீட்டிங்கில் இருந்ததாகச் சொன்னார். நூலகர், தான் அன்று லீவு என்றார். புத்தகங்களில் சீல் இருக்கிறதே என்றேன். சீல் இருக்கிறதால்தான் அது எங்கள் புத்தகம் என்றார் புதியவர்.

அட்டெண்டரை அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கையைப் பிடித்தார்.

"கண்ணு, அந்தக் காசு வந்துருச்சா?"

"வந்துருச்சுங்ணா."

"அப்பாடா. அதே நெனப்பு கண்ணு எனக்கு," என்று சொல்லிவிட்டு உக்கடம் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

வரவில்லை. வட்டியை நான் சேர்க்கவில்லை, அலைந்த பஸ் காசையும் சேர்க்கவில்லை. மீதிப் புத்தகங்களின் விலை மட்டும், அந்தக் கல்லூரி எனக்கு இன்னும் தர வேண்டியது ஏழாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.