மன்னிக்கு மறைத்த வில்லி

என் கணவர் கரப்பான்பூச்சியைக்கூட அடிக்க மாட்டார். காகிதத்தில் பிடித்து வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்; அவர் கதவைச் சாத்துவதற்குள் அது உள்ளே வந்துவிடும். அப்பேர்ப்பட்ட மனிதர் எழுபதுகளின் கடைசியில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதினார். அதில் ஒரு மூத்த மருமகளை வைத்து மாமியாரின் மருந்துப் புட்டியையே மாற்றச் செய்தார். பகலெல்லாம் கொச்சியில், வில்லிங்டன் தீவில் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் குமாஸ்தா வேலை. சாயங்காலம் படகில் மட்டாஞ்சேரிக்குத் திரும்பி, காபியைக் குடித்துவிட்டு, சிரித்த முகத்தோடு பாவம் செய்ய உட்கார்ந்துவிடுவார்.

நான் கும்பகோணம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தவள். வீடு கணவருடைய அண்ணாவுடையது. அண்ணாவின் மனைவியை அவர் மன்னி என்று கூப்பிட்டார், நானும் அப்படியே கூப்பிட்டேன். மன்னி மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவள். சண்டை தமிழில் போடுவாள், கணக்கு மலையாளத்தில் போடுவாள், படிப்பதென்றால் மலையாளம் மட்டும்தான். தெருவில் எங்கள் மனிதர்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். என்றைக்கோ பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பங்கள். வாயில் தமிழ் உண்டு, கண்ணுக்குத் தமிழ் எழுத்து பிடிபடாது. ஆகவே தமிழ்ப் பத்திரிகை வந்தால் உரக்கப் படிக்கிற பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது. சும்மா சொல்லக்கூடாது, நான் நன்றாகவே படிப்பேன். அழுகிற இடத்தில் குரலை உடைப்பேன், சண்டை வருகிற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் கூடத்தில் நாலைந்து பெண்கள் வந்து உட்காருவார்கள். ஒருத்தி முறத்தில் அரிசி கொண்டுவந்து கல் பொறுக்குவாள், ஒருத்தி பயறு உரிப்பாள். மன்னி சுவரில் சாய்ந்து காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்வாள். தூங்குகிறாளோ என்று நாங்கள் குரலைத் தணித்தால், "படி, படி, நிறுத்தாதே" என்று சத்தம் வரும்.

கணவருடைய தொடர் ஆரம்பித்த வாரம் கூடத்தில் இடமில்லை. வீட்டிலேயே ஓர் எழுத்தாளர் முளைத்துவிட்டார் என்று, எப்போதும் வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். அச்சாகும்வரை அவர் எனக்கு ஒரு வரிகூடக் காட்டவில்லை. நான் பெருமையாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். புதிதாக வந்த இளைய மருமகள் வலது காலை எடுத்து வைத்தாள். பசு மாதிரி கண், தலை குனிந்தபடியே இருக்கிற சுபாவம். சரி, வழக்கமான நல்லவள். அடுத்த வரியில், கதவோரம் நின்றிருந்த மூத்தவள் மூக்குத்தியை ஒரு திருகு திருகினாள் என்று இருந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். மன்னி கண்ணை மூடியபடி மூக்குத்தியைத் திருகிக்கொண்டிருந்தாள். யோசனை வந்தால் அவள் கை அங்கேதான் போகும். என் கண் அதற்குள் இரண்டு வரி கீழே ஓடிவிட்டது. அங்கே மூத்தவள் புதுப்பெண்ணிடம் புடவை எந்தக் கடை, என்ன விலை, யார் எடுத்தது என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டு, "நமக்கென்ன, சும்மா கேட்டேன்" என்று முடிக்கிறாள். அது மன்னியின் வாக்கியம். தெருவில் சின்னக் குழந்தைகூட அந்த வாக்கியத்தை வைத்து மன்னியை அடையாளம் சொல்லும். இன்னும் கொஞ்சம் கீழே, சர்க்கரை டின்னை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறாள். அதுவும் எங்கள் வீட்டு டிரம்தான்.

கூட்டம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும். "மூத்தவள் கழுத்துச் சங்கிலியைப் பல்லில் கடித்துக்கொண்டாள்" என்று படித்துவிட்டேன். சங்கிலியைக் கடிக்கிறது என் பழக்கம். தியாகம் என்றெல்லாம் யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த அவசரத்துக்கு நாக்கில் வேறு ஒன்றும் வரவில்லை. "நமக்கென்ன, சும்மா கேட்டேன்" என்கிற இடத்தில், நான் பேச்சுக்குப் பேச்சு சொல்லுகிற "அதானே பார்த்தேன்!" என்பதைப் போட்டேன். சர்க்கரை டின்னை அடியோடு விழுங்கிவிட்டேன்.

ஒரு வாரத்தோடு போகிற பொய்யா அது? அடுத்த வாரமும் மூக்குத்தி வந்தது, அதற்கடுத்த வாரமும் வந்தது, வில்லி வளர்ந்துகொண்டே போனாள். முதலில் இளையவள் வைத்த பாயசத்தில் உப்பைப் போட்டாள். பிறகு அவளுடைய அட்டிகையைக் கிணற்றில் போட்டுவிட்டு வேலைக்காரி மேல் பழி சொன்னாள். பாயசத்தில் ஆரம்பித்தவள் மருந்தில் வந்து நின்றபோது எனக்கே பயமாகிவிட்டது. ஒரு நாள் கணவரிடம் கேட்டேன், "ஏன்னா, ஒரு நகைக்குப் பொறாமைப்பட்டவ கொலை வரைக்கும் போவாளா?" "பொறாமை அப்படித்தான். முதல் படி இறங்கறதுதான் கஷ்டம், மிச்சம் தானா நடக்கும்" என்று பேனாவைக் கடித்துக்கொண்டு சொன்னார். பெரிய அனுபவஸ்தர்.

இத்தனை பாவமும் கூடத்தில் என் தலையில் விழுந்தது. சங்கிலி கடிக்கிறவள், "அதானே பார்த்தேன்" சொல்லுகிறவள் யாரென்று தெருவுக்குத் தெரியாதா? கல் பொறுக்குகிறவள் என்னை ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தாள். வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் பாயசம் கிளற என்னைக் கூப்பிடுகிறவள், உப்பு போட்ட அத்தியாயத்துக்குப் பிறகு கூப்பிடவில்லை. எனக்குக் கோபம்தான். ஆனால் மன்னியிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அவளுக்குத் தெரிந்தால் மனம் உடைந்துபோவாள், மறுநாளே தனி அடுப்பு என்று பேச்சு வரும், நாங்கள் பள்ளுருத்தியில் வாடகைக்கு இடம் தேட வேண்டும். வாடகைகூடப் பெரிதில்லை. நான் வந்த புதிதில் ஊர் நினைப்பில் அழுதபோது, "இப்படி அழறவளை எவன் இங்கே அனுப்பினான்?" என்று திட்டிக்கொண்டே தலையில் எண்ணெய் வைத்துவிட்டவள் அவள். எனக்கு அவளிடம் பயமும் உண்டு, அவளை விட்டுப் போக முடியாத பிரியமும் உண்டு.

மருந்துப் புட்டி அத்தியாயம் படித்த அன்று சாயங்காலம், கணவர் படகிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மன்னி அவரைப் பிடித்துக்கொண்டாள். அவரைப் பள்ளிக்கூடப் பையனாயிருந்த காலத்திலிருந்து வளர்த்தவள், அதனால் வாடா போடாதான்.

"ஏண்டா, உனக்கு புத்தி இருக்கா? கட்டினவளை எவனாவது இப்படி நாறடிப்பானோ?"

"நான் என்ன பண்ணினேன் மன்னி?"

"என்ன பண்ணினியா? பாவம், அந்தப் பொண்ணு தன் வாயாலேயே படிக்கறது. எனக்கு வெஷமமா இருக்காக்கும், மனசு வலிக்கறது. அவ சங்கிலியைக் கடிக்கறா, சரி. வாய் கொஞ்சம் நீளம், அதும் சரி. அதுக்காக மருந்தை மாத்துவாளாடா அவ? அடுத்த வாரம் அவளை நல்லவளா ஆக்கு. இல்லேன்னா இந்த ஆத்துலே உனக்கு சாயா கெடயாது!"

அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் குழம்பைக் கிளறுகிறதில் மும்முரமாகிவிட்டேன். மன்னி எனக்காகப் பரிந்து பேசுவாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லக்கூட முடியாது, அன்றைக்கு ஏகாதசி.

பிறகு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டைக் காப்பாற்றினேன் என்று பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "என் வாக்கியத்தையா மாத்தினே?" என்றார். மூக்குத்தி மன்னியுடையது என்பதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவே இல்லை, உலகத்தில் எத்தனையோ பேர் மூக்குத்தி போடுகிறார்கள் என்றார். முடிவையாவது மாற்றுங்கள், வில்லியைத் திருந்த வையுங்கள் என்று கெஞ்சினேன். தப்பு செய்தவளுக்குத் தண்டனை இல்லாவிட்டால் வாசகர்கள் விட மாட்டார்கள் என்றார்.

கடைசி அத்தியாயம் வந்த அன்று நான் ஒரு துணிக்கடை வேலையாக எர்ணாகுளம் போயிருந்தேன். திரும்பிப் படகைவிட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால், கூடம் நிறையப் பெண்கள். நடுவில் மன்னியுடைய தம்பி மனைவி, கோயமுத்தூரிலிருந்து காலை ரயிலில் சொல்லாமல் கொள்ளாமல் வந்தவள், மடியில் பழைய இதழ்களையெல்லாம் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்.

"வந்துட்டயா? ஒக்காரு" என்றாள் மன்னி. "இவ நன்னாப் படிக்கறா. அட்சரம் ஒண்ணு விடாம படிக்கறா. மொதல்லேருந்து படிக்கச் சொன்னேன்."

நான் பையைக்கூடக் கீழே வைக்காமல் உட்கார்ந்தேன்.

"மூக்குத்தி யாரோடது?"

"உங்களோடது, மன்னி."

"நமக்கென்ன, சும்மா கேட்டேன்னு சொல்றது யாராக்கும்?"

"நீங்கதான்."

"பின்னே இத்தனை நாளும் எதுக்குடீ என் வேஷத்தைக் கட்டிண்டு நீ ஆடினே?"

"உங்களுக்கு வெஷமமாயிடும்னுதான்..."

"ஆச்சு. ஆகாம இருக்குமா? மத்யானம் சாதம் எறங்கலே." அவள் குரல் கொஞ்சம் நடுங்கியது. நான் மனதுக்குள் பள்ளுருத்தியில் வீடு பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னி இதழ்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். "சக்கரை டின்னை ஒளிச்சேனாம்! ஒளிச்சது இவனுக்காகவாக்கும். ஸ்கூல் விட்டு வந்தா கை நெறைய அள்ளித் திம்பான். அதை எழுதினானா? எழுத மாட்டான். அப்பறம் நகை. நகைக்குப் பொறாமைப்பட்டு மூத்தவ இத்தனையும் பண்றாளாம். உன் நகை யாருக்கு வேணும்? அந்தச் சங்கிலி எப்பப் பாத்தாலும் உன் வாயிலேன்னா கெடக்கறது!"

முதலில் சிரித்தது கல் பொறுக்குகிறவள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மன்னி மட்டும் சிரிக்கவில்லை.

"ஆனா அசூயை இருந்துது. பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். "நீ வரதுக்கு முன்னாலே மத்யானம் ஆனா இவா எல்லாரும் என்னைச் சுத்தித்தான் ஒக்காந்திருப்பா. நான் ஒரு சினிமா பாத்துட்டு வந்து கதை சொன்னா, சினிமாவே வேண்டாம், இதே போரும்னு சொல்லுவா. நீ வந்தே, புஸ்தகத்தைப் பிரிச்சே. அவ்வளவுதான். நானும் கூட்டத்துலே ஒருத்தி ஆயிட்டேன். கண்ணை மூடிண்டு ஒக்காந்திருப்பேனே, தூங்கறேன்னா நெனச்சே? வயத்தெரிச்சல்டீ."

என் கணவர் மாதக்கணக்கில் ஒரு பெண்ணின் பொறாமைக்குக் காரணம் தேடி, அட்டிகை, சொத்து, சாவிக்கொத்து என்று எங்கெங்கோ அலைந்துகொண்டிருந்தார். நானோ அந்தப் பொறாமைக்கு எதிரே தினமும் உட்கார்ந்து, குரலை ஏற்றி இறக்கிப் படித்துக்கொண்டிருந்தேன். எழுந்துபோய் மன்னியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "போடீ, நாடகம் ஆடாதே" என்றாள். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கோயமுத்தூர்க்காரி அன்றைக்கு வந்த இதழைப் பிரித்தாள். மன்னி அவளைத் தடுத்தாள். "படிக்க வேண்டாம். கடைசிலே என்ன ஆறது, அதை மட்டும் சொல்லு."

"வில்லியை வீட்டை விட்டு வெரட்டிடறாங்க. மழையில பைத்தியமா அலையறா."

"அப்படி ஈஸியா போயிடுவாளோ அவ?" என்று மன்னி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள்.

அதன் பிறகு நடந்ததை எழுதிக் காட்ட எனக்குத் திறமை போதாது. விரட்டப்பட்ட வில்லி தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒவ்வொரு வீட்டிலும் புடவை விலையை விசாரித்து, நமக்கென்ன என்று சொல்லி, அந்த வீட்டு மாமியாரையும் மருமகளையும் சண்டைக்கு மூட்டிவிட்டு, ஒரு காபியும் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அவளை விரட்டியவர்களே படகுத்துறை வரை ஓடிப்போய், திரும்பி வா தாயே, நீ இல்லாமல் வீட்டில் பொழுது போகவில்லை என்று காலில் விழுந்தார்கள். எல்லாக் குரலும் மன்னிதான். நல்ல மருமகளுக்கு மட்டும், நான் அழுகிற இடத்தில் குரலை உடைப்பேனே, அதே குரலைப் போட்டாள். அதற்குத்தான் எல்லாரும் அதிகமாகச் சிரித்தார்கள். கல் பொறுக்குகிறவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நான் படித்த நாட்களில் ஒரு தடவைகூட அவள் முறத்தைக் கீழே வைத்ததில்லை.

"நாளைக்கும் நீங்களே சொல்லணும்" என்று ஒருத்தி சொன்னாள். ஆமாம் ஆமாம் என்றார்கள் மற்றவர்கள். என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மன்னிதான் பார்த்தாள். முகமெல்லாம் வேர்த்து, பத்து வயது குறைந்த மாதிரி இருந்தாள்.

"உனக்கொண்ணும் வெஷமம் இல்லையே?"

"சீ, எனக்கென்ன மன்னி? ஒண்ணுமே இல்லே" என்றேன்.

வயிறு பற்றி எரிந்தது. எழுந்து அடுக்களைக்குப் போய்க் காபிக்குப் பாலை வைத்தேன். கூடத்தில் மறுபடி சிரிப்பு வெடித்தது. எதற்கென்று தெரியாமல் நிற்க முடியவில்லை, பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். என் பழைய இடத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தின் கடைசியில் கொஞ்சம் இடம் இருந்தது, அங்கே உட்கார்ந்துகொண்டேன்.