ஓடை வடிவதற்குள்

புவியியல் விரிவுரையாளர் வரைபடத்தில் ஓர் ஓடையைத் தொட்டுக் காட்டினால் போதும். அதில் இறங்கலாமா என்று கடைசி பெஞ்சு கேட்கும். 1970களில் அந்த விரிவுரையாளராக இருந்த நான் இறங்கலாம் என்று சொல்லித் தொலைத்தேன். மேகமலையில் மழை கொட்டினால் அடிவாரத்து ஓடை ஓரிரு நாள் நுரைத்துப் பாயும். தவறவிட்டால் அடுத்த ஐப்பசிதான். அந்த ஓரிரு நாளுக்குள் நானும் நான்கு மாணவிகளும் ஆளுக்கொரு லாரி டியூபில் அமர்ந்து, துடுப்புப் போட்டுப் பாறைகளைத் தாண்டியாக வேண்டும். அனுமதி கேட்டுப் படியேறிய சக ஆசிரியர்களே, மீதியை நீங்கள் அறிவீர்கள்.

கையெழுத்து

எல்லோருக்கும் நீச்சல் தெரியும், கரையில் கயிறோடு ஆள் நிற்பார்கள் என்று நான் விளக்கியதைக் கல்லூரி முதல்வர் பொறுமையாகக் கேட்டார். நான் வாதாடிக் கேட்ட கையெழுத்தைப் போட்டுக்கொண்டே கேட்டார்: "தண்ணி வத்துன பெறகு போனா ஆகாதாம்மா?"

தகப்பனார்

செல்வியின் தந்தை போடியில் ஏலக்காய் வியாபாரி. நால்வரில் துடுப்பை ஒழுங்காகப் பிடித்தவள் செல்வி ஒருத்திதான். அவள் வராவிட்டால் மற்றவர்களும் வரமாட்டார்கள். பெண் மூழ்குவாளா என்று கேட்பார் என நினைத்துப் பதில்களை அடுக்கிவைத்திருந்தேன். கறுப்பாளா என்று கேட்டார். மேகம் மூடியிருக்கும், வெயிலே படாது என்றேன். முகம் தெளிந்துவிட்டது.

"அப்பக் கூட்டிட்டுப் போங்க டீச்சர். தை மாசம் பொண்ணு பாக்க வாராக, அதான் கேட்டேன்."

டியூப்

பழனிசெட்டிபட்டிப் பட்டறையில் ஒவ்வொரு டியூபையும் காற்றடித்துத் தொட்டியில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று நானே பார்த்தேன். பஞ்சர் ஒட்டியவற்றை ஒதுக்கினேன். வெகுநேரம் பொறுத்திருந்த மெக்கானிக், என்னிடம் அல்ல, உடன்வந்த பியூனிடம் விசாரித்தார்: "லாரிய எங்கனண்ணே நிப்பாட்டியிருக்காக?"

கொரம்பு

ஐப்பசியில் ஒரு காலை மலையே தெரியவில்லை, மழைக்குள் மறைந்திருந்தது. வேனைப் பிடித்துப் பறந்தோம். ஓடை செம்மண் நிறத்தில் பாறைக்குப் பாறை எகிறிக்கொண்டிருந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சற்றுக் கீழே நடந்து பார்த்தால், ஊரே திரண்டு மண்மூட்டையும் தழையும் போட்டு ஓடைக்குக் குறுக்கே கொரம்பு கட்டி, தண்ணீரைக் கண்மாய் வாய்க்காலுக்குத் திருப்பிக்கொண்டிருந்தது. நாங்கள் கரையேறத் திட்டமிட்ட பாலம்வரை இனி வெறும் கல்தான்.

கொஞ்சம் பொறுத்துக் கட்டலாகாதா என்றேன். "கண்மா நெறயலேன்னா எங்க நெல்லுக்கு நீங்களா மொண்டு ஊத்துவீக?" என்றார் மூட்டை சுமந்த பெண் ஒருவர். நியாயமான கேள்வி. ஆனால் செல்வி வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு டியூப் நுழையும் அகலம் அதற்கு இருந்தது. பாலத்துக்குப் பதில் கண்மாயில் கரையேறுகிறோம் என்றாள். அந்தப் பெண் மூட்டையை இறக்கிவைத்து, கூட்டத்தை நோக்கிக் குரல் கொடுத்தார்: "ஏலே, வழிய விடுங்க. இந்த ஆத்தாமாரையும் சேத்துக் கண்மாய்க்குத் திருப்பியாச்சு."

பயணத்தைத் திட்டமிடுவது என்பது, தடுப்பவர்கள் அடுத்த கேள்வியை யோசித்து முடிப்பதற்குள் தண்ணீரில் இறங்கிவிடுவதுதான்.