பதினோரு சிப்பிக்காரிகள்

நீங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் கொண்டுவந்த சட்டத்தாலேயே நீங்கள் பிடிபட்டால், உங்களை மீட்க அவர் வருவாரா?

நியீமா சான்யாங் வந்தார்.

அவருடைய அம்மா அலாஹீன் ஆற்றுச் சதுப்புக்காட்டில் சிப்பி பொறுக்கிய ஜோலா இனப் பெண். நியீமா பிரசவம் பார்க்கும் செவிலியானார். அவர் கையில் பிறந்த பிள்ளைகள் ஓட்டுப் போடும் வயதுக்கு வந்தபோது தேர்தலில் நின்றார். அங்கே ஓட்டென்றால் வேட்பாளரின் பீப்பாயில் ஒரு கோலி போடுவது, விழுந்ததும் உள்ளே மணி அடிக்கும். அவருடைய பீப்பாயில் கோலிகள் விழுந்துகொண்டே இருந்தன, மணி ஓயவில்லை. பத்து வருடம் நாடாளுமன்றத்தில் இருந்தார். சிப்பி வளர வேண்டுமென்று வருடத்தில் எட்டு மாதம் ஓடைகளை மூடும் சட்டம் அவர் கொண்டுவந்ததுதான். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். பிறகு அவரை அண்டை நாட்டுத் தலைநகரான டக்காருக்குத் தூதராக அனுப்பினார்கள்.

அங்கேதான் அந்தச் செய்தி வந்தது. தங்கள் ஓடை மூடிய மாதத்தில், ஆற்றைத் தாண்டி அண்டை நாட்டின் அக்கரை ஓடைக்குப் படகு வலித்துப் போன பதினோரு பெண்களை அந்நாட்டு எல்லைக் காவலர் பிடித்துவிட்டார்கள். மறுநாள் பகலில் லாரி வந்து அவர்களை நகரத்துக்கு ஏற்றிச் செல்லும். அங்கே போனால் வழக்கு. வழக்கென்றால் எத்தனை மாதம் என்று யாருக்கும் தெரியாது.

எல்லைக்கு வரும் வழியெல்லாம் நியீமாவுக்கு ஒன்றே உறுத்தியது. ஓடையை மூடினால் அடுப்பு எப்படி எரியும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. எழுதியது அவர் கைதான்.

காவல் சாவடியில் கேப்டன் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நியீமா உடன்படிக்கைகளை எடுத்து வைத்தார், கடிதங்களைக் காட்டினார். ஒரு மணி நேரம் போனது.

"மேலிடத்து உத்தரவு மேடம். என் கையில எதுவும் இல்ல."

வெளியே லாரி வந்து நின்ற சத்தம் கேட்டது.

"உங்க பேரையாவது சொல்லுங்க கேப்டன், அறிக்கையில எழுதணும்."

"லாட்சுக் ஃபாய்."

ஃபாய் என்றால் செரேர் இனம்! நியீமா பேனாவை மூடினார். ஜோலாவும் செரேரும் கேலி முறைக்காரர்கள். அக்காளும் தங்கையும் போன படகு நடுவில் பிளந்ததாம், அவர்கள் வழி வந்த இரண்டு இனங்களாம். அந்தக் கதையை நியீமா பள்ளிக்கூடத்திலேயே நம்பியதில்லை. ஆனால் அந்த முறையில் ஒருவர் அடிமையென்றே ஏசினாலும் மற்றவர் கோபிக்கக் கூடாது, கேட்டதை இல்லையென்று சொல்லவும் கூடாது.

"அடேய் சோத்துமூட்டை! உன் எஜமானி ஒரு மணி நேரமா நிக்கிறேன், நாற்காலி போடத் தெரியல. உனக்கெல்லாம் யாருடா தொப்பி குடுத்தது?"

காவலர்கள் மூச்சை அடக்கினார்கள். கேப்டனின் மீசை துடித்தது.

"ஜோலாச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்னு இன்னிக்குத்தான் பாக்குறேன். காலையிலேயே பனங்கள்ளா?"

"என் வீட்டு அடிமைக்கு வாயப் பாரு! என் பொம்பளைங்கள அடைச்சு வெச்சு, அவங்க சிப்பியையும் தின்னுட்டியா?"

"ஒண்ணே ஒண்ணுதான் தின்னேன். உப்பே இல்ல." அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு தாளை எடுத்து, 'எச்சரித்து அனுப்பப்பட்டனர்' என்று எழுதினார். "கூட்டிட்டுப் போ, எஜமானி. லாரிக்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

படகு கரையை விட்டு விலகியது. நியீமா பதினோரு தலைகளையும் இரண்டு முறை எண்ணினார். யாரோ பாட ஆரம்பித்தார்கள். மூத்தவளான அராமாத்தா மட்டும் துடுப்பை நிறுத்தினாள்.

"ஏன்டி நியீமா, சிப்பி நல்லா வளரணும்னு சட்டம் போட்டியே, எங்க புள்ளைங்க வளர வேணாமா? எங்களை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கல அக்கா. தப்புதான்."

"அப்ப திருத்து. இப்ப துடுப்பப் புடி, மகாராணி மாதிரி உக்காந்திருக்கா!"

படகே சிரித்தது. நியீமா துடுப்பைப் பிடித்தார்.

அன்று பதினோரு பேரும் வீடு வந்து சேர்ந்தார்கள். நல்லது. ஆனால் மனிதரின் விடுதலை ஒரு கேப்டனின் குலப்பெயரில் தொங்கலாமா? அடுத்து வருபவர் செரேராக இல்லாவிட்டால்? மூடிய மாதங்களுக்கு மாற்று வேலை, அக்கரை ஓடைக்கு அனுமதி அட்டை என்று நியீமா எழுதிக் கொடுத்த திருத்தம் மூன்று வருடமாக நாடாளுமன்றக் குழுவில் கிடக்கிறது.

தேர்தல் வருகிறது. கோலி கேட்டு வாசலுக்கு வருபவரிடம், அந்தத் திருத்தத்துக்குக் கை தூக்குவாரா என்று கேளுங்கள். பதில் வரும்வரை கோலியை உள்ளங்கையிலேயே வைத்திருங்கள்.