திமில் வைத்த கன்று

நான் ஒரு முட்டாள். அதைவிட மோசம், பிறரைச் சிரிக்கவைக்கத் தெரிந்த முட்டாள்! ஒரு நல்ல மனிதரின் பெயரை ஒரு வேடிக்கைப் பேச்சால் கெடுத்தேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலைகுனிந்து நிற்பேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

எழுபதுகளின் கடைசி. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எனக்கு இருந்தது ஒற்றைப் பசு. அப்போதுதான் மாட்டு டாக்டர் வெளிநாட்டுச் சினை ஊசியைக் கொண்டுவந்தார். கறுப்பு வெள்ளைக் கன்று பிறக்கும், குடம் குடமாய்க் கறக்கும் என்றார். பனியில் நாங்கள் கம்பளிக்குள் நடுங்க, அவர் சட்டையைக் கழற்றித் தோள்வரை சோப்புப் போட்டுக்கொண்டு வேலையில் இறங்குவார். தோட்டத்துத் துரை வீட்டு மாட்டுக்கும் எங்கள் மாட்டுக்கும் அதே கை, அதே பொறுமை. அப்படிப்பட்டவர்!

"ஊசி போட்டாச்சு. இனிமே காளைகிட்ட மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

விட்டேன். அன்று மாலையே! கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டக்காரரின் நாட்டுக் காளையிடம் ஓட்டிப்போனேன். ஊசியில் சினை பிடிக்காவிட்டால்...? முருகனுக்குக் காவடி நேர்ந்துவிட்டு, மாதா கோயிலிலும் மெழுகுவத்தி ஏற்றுகிற ஆள் நான். ஒற்றைப் பசுக்காரராக இருந்தால் நீங்கள் மட்டும் என்ன செய்திருப்பீர்களாம்?

கன்று பிறந்தது. செம்பழுப்பு நிறம். முதுகில் குட்டியாய் ஒரு திமில்!

லயமே கூடிவிட்டது. டாக்டர் குனிந்து அந்தத் திமிலைத் தடவினார். "உண்மையச் சொல்லுங்க. காளைகிட்ட விட்டீங்களா?"

எல்லார் கண்ணும் என்மேல். சொல்லியிருக்கலாம்... வாய் முந்திக்கொண்டது.

"என்னா டாக்டர், இப்படிக் கேட்டுட்டீங்க! என் மாடு பத்தினிலா!"

லயம் உருண்டு சிரித்தது. பக்கத்து வீட்டு அஞ்சலையக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. "அப்போ தப்பு என்னோடதுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியேறினார்.

"நல்ல ஊசியெல்லாம் துரை மாட்டுக்கு. நமக்கு வெறுந்தண்ணி!" மறுநாளே பேச்சு கிளம்பிவிட்டது. அதன்பிறகு எங்கள் லயத்தில் அவரை யாரும் அழைக்கவில்லை.

மறுவருடம் அஞ்சலையக்காவின் பசு ஈன முடியாமல் கிடந்தது. வயிற்றில் கன்று குறுக்கே.

"டாக்டரக் கூப்பிடலாம்க்கா" என்றேன்.

"அந்தத் தண்ணி டாக்டரையா? வேணாம்லா!"

ஊசியில் குற்றமில்லை, குற்றம் என்னிடம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? விழுங்கிவிட்டேன். மதியத்துக்குள் பசுவும் போனது, கன்றும் போனது. அவளுடைய மூன்று பிள்ளைகள் குடித்த பால் அது...

கன்றை நானா குறுக்கே திருப்பினேன்? இல்லை! டாக்டர் வேண்டாமென்றது நானா? அதுவும் இல்லை! இப்படித்தான் இத்தனை வருடமாய் வாதாடுகிறேன். வக்கீலும் நானே, நீதிபதியும் நானே. ஆனாலும் தீர்ப்பு எனக்குச் சாதகமாய் வரமாட்டேன் என்கிறது!

எண்பதுகளின் நடுவில், கம்போங் ராஜா ஊர்க் காப்பிக் கடையில் டாக்டரைக் கண்டேன். நரைத்திருந்தார். நேரே போய், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, காளை, பத்தினிப் பேச்சு, அஞ்சலையக்காவின் செத்த பசு என்று அத்தனையும் கொட்டினேன். திட்டட்டும், அறையட்டும்! பதிலுக்குச் சொல்ல வேடிக்கை ஒன்றும் தயாராய் வைத்திருந்தேன்.

அவர் கோப்பையை மெதுவாக நகர்த்தி வைத்தார்.

"அஞ்சலையம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"