நான் நீட்டிய பென்சில்

போன வருடம் ஆடி மாதம், ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஒரு மாடி வீட்டில் நடந்தது இது. திருச்சியில் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் எனக்கு வேலை. இன்றைய ஓவியர்கள் கையெழுத்திட்ட படங்களைச் சேர்ப்பது என் பைத்தியம்.

என்னிடம் இருந்தவற்றில் ஒன்றில் மட்டும் கையெழுத்து இல்லை. கொள்ளிடத்து மணலில் ஒற்றைக் காகம். செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்த படம். இந்த மாதிரிப் படங்களின் கீழே ஓவியர் பென்சிலால் கையெழுத்துப் போடுவது வழக்கம். கண்காட்சியில் வாங்கிய அவசரத்தில் அது விட்டுப்போயிற்று. அந்த ஓவியருக்குப் பக்கவாதம் என்று கேள்விப்பட்டதும், 'ஐயோ, கையெழுத்து வாங்காமல் விட்டோமே' என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன்.

சாத்துக்குடி வாங்கிக்கொண்டு, நலம் விசாரிக்கிற சாக்கில் படத்தோடு போனேன். கதவைத் திறந்த அவர் மனைவி குரலைத் தாழ்த்தி, "வந்தது சந்தோஷங்க. படம் வரையறதப் பத்தி மட்டும் பேச்சு எடுக்காதீங்க" என்றார். தலையாட்டினேன்.

ஓவியருக்கு நாக்கு கொஞ்சம் குழறியது, அவ்வளவுதான். "கை தேறிட்டு வருதுங்க. பெரிசா ஒரு படம் மனசுல அப்படியே நிக்குது, ஆரம்பிக்கணும்" என்றார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. அவரே பேச்சை எடுத்துவிட்டாரே என்று எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. அந்த அம்மா காபி போட உள்ளே போன நேரம், படத்தை அவர் மடியில் வைத்து, சட்டைப்பையில் இருந்த பென்சிலை நீட்டினேன்.

ஆசையாகத்தான் வாங்கினார். விரல்கள் மடங்கவில்லை, பென்சில் தரையில் விழுந்தது. அத்தோடு விட்டேனா? எடுத்து மறுபடியும் கொடுத்தேன். இந்த முறை காகத்தின் மேலேயே ஒரு கோடு இழுத்துக்கொண்டு போயிற்று. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இனிமே வராதா?" என்று என்னிடம் கேட்டார்.

காபியோடு வந்த அந்த அம்மாவுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. மாடிப்படி வரை என்னோடு வந்தார். "மூணு மாசமா வீட்ல ஒரு பென்சில்கூட அவர் கண்ல படாம எடுத்து வச்சிருந்தேங்க" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நாலு மாதத்தில் அவர் போய்விட்டார். மனதில் நின்ற அந்தப் படத்தைப் பற்றி அதன் பிறகு அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையாம். இப்போதெல்லாம் யார் வீட்டுக்குப் போனாலும், 'சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்' என்று சொல்லும்போதே என் வாய் கூசுகிறது.